அண்ணே, எடுத்துக்கவா?

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு பக்கம் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, இன்னொரு பக்கம் பெரியாஸ்பத்திரி, கூப்பிடு தூரத்தில் அமெரிக்கன் கல்லூரி. ஜெராக்ஸ் கடைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் பிள்ளைகள் பென் டிரைவும் கையுமாக வாசலில் நிற்பார்கள். நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. கடைக்காரரின் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. நினைவகம் 2 ஜிபி. விண்டோஸ் அதில் திணறத் தொடங்கியதும், கடைக்கு வரும் மாணவர் ஒருவர் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அது டைப் அடிக்கிறது, பிரிண்ட் எடுக்கிறது. ஒரே ஒரு குறை இருந்தது. பென் டிரைவை வெளியேற்றும் பொத்தானை அமுக்கினால், ‘இனி எடுக்கலாம்’ என்ற செய்தி திரையில் வராது.

“அண்ணே, எடுத்துக்கவா?”

“இரும்மா, லைட்டு மினுங்குது பாரு.”

இந்த உரையாடல் அந்தக் கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது நடந்து வந்தது. போன ஆண்டு ஒரு பையன் கேட்காமலே உருவிவிட்டான். முகப்புப் பக்கத்தில் வழிகாட்டிப் பேராசிரியரின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைக் கடையிலேயே திருத்தி, சேமித்து, பைண்டிங் கடைக்கு ஓடினான். கால் மணி நேரத்தில் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். பென் டிரைவில் கோப்பின் பெயர் இருந்தது; அளவு பூஜ்யம். அறிக்கை மொத்தமும் காணோம். பழைய பிரதி ஒன்று மின்னஞ்சலில் கிடந்ததால் தப்பித்தான்.

அன்று அங்கே நின்றிருந்த எனக்கு இரண்டு கேள்விகள் எழுந்தன. பென் டிரைவை உருவியது கணினிக்கு எப்படித் தெரிகிறது? தெரிந்த பிறகும் அது ஏன் வாய் திறக்கவில்லை?

முதல் கேள்விக்கான விடையை உங்கள் கையில் உள்ள பென் டிரைவிலேயே பார்க்கலாம். அதன் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் நான்கு பட்டைகள் தெரியும். இரு ஓரங்களிலும் உள்ளவை மின்சாரத்துக்கு: ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, மற்றது திரும்பும் வழி. நடுவில் உள்ள இரண்டும் தகவலுக்கு. ஓரப் பட்டைகள் நடுப் பட்டைகளைவிட ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமானவை. செருகும்போது மின்சாரம் முதலில் தொடுகிறது, பிறகுதான் பேச்சு தொடங்குகிறது. உருவும்போது தலைகீழ்: பேச்சு முதலில் அறுகிறது, மின்சாரம் கடைசியாக விடுபடுகிறது. ஓடும் கணினியில் செருகவும் உருவவும் வேண்டும் என்று நினைத்தவர்கள் இந்த ஒரு மில்லிமீட்டரை யோசித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இது கோயில் கதவுக்குக் குடுமி செதுக்கிய தச்சனின் வேலைக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

அந்தக் கணத்தில் கணினிப் பக்கம் என்ன நடக்கிறது? யூ.எஸ்.பி.யின் முதல் தலைமுறைக் கருவிகளில் ஒவ்வொன்றும் தன் தகவல் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்றின் வழியாக 3.3 வோல்ட் வரை தூக்கிப் பிடித்திருக்கும். கணினிப் பக்கத்தில் அதே கம்பிகளை 15 கிலோ ஓம் மின்தடைகள் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். கருவி இருக்கும்வரை அதன் பிடி பத்து மடங்கு வலிது. கம்பி மேலேயே நிற்கும். உருவினால் பிடிக்க ஆள் இல்லை, இரண்டு கம்பிகளும் பூஜ்யத்துக்கு விழும். அப்படியே 2.5 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு கிடந்தால், ‘ஆள் போய்விட்டார்’ என்று கணினி முடிவு கட்டிவிடும்.

2000-ல் வந்த யூ.எஸ்.பி. 2.0 விநாடிக்கு 48 கோடி பிட்டுகளை அனுப்பக்கூடியது. கடைகளில் இன்றும் புழங்கும் பென் டிரைவுகளில் பாதிக்கு மேல் இந்த இனம்தான் என்பது என் கண்கணக்கு. இந்த வேகத்தில் பழைய முறை செல்லாது. வேகப் பேச்சு தொடங்கியதும் கருவி தன் தூக்குப்பிடியை விட்டுவிடுகிறது. பிறகு எப்படித் தெரியும்? எதிரொலியை வைத்துத்தான்!

கணினி விநாடிக்கு 8,000 முறை கம்பியில் ஒரு குரல் கொடுக்கிறது. எதிர் முனையில் கருவி இருந்தால் அங்குள்ள முனைத்தடை அந்த மின்னலையை முழுசாக விழுங்கிக்கொள்கிறது. கருவி இல்லையென்றால் அலை கம்பியின் வெறும் முனையில் மோதித் திரும்புகிறது. போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதால், சுமார் 400 மில்லிவோல்ட்டாக இருந்த மின்னழுத்தம் இரட்டித்து 800 ஆகிறது. 625-ஐத் தாண்டினால் கருவி போய்விட்டது என்று பொருள். வற்றிய கிணற்றில் தலையை நீட்டிக் கூப்பிட்டால் நம் குரலே நமக்குத் திரும்ப வருமே, அதே சங்கதிதான். திரும்பி வரும் அலையைத் தவறாமல் பிடிப்பதற்காகவே அந்தக் குரலின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லவேண்டும் என்று விதி எழுதியிருக்கிறார்கள். அந்த இழுப்பின் நீளம் 40 பிட். நேரக் கணக்கில் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே கடைக்காரரின் பழைய லேப்டாப்புக்குக் காது மந்தமில்லை. அந்தப் பையன் உருவிய கணமே அதற்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்த நேரம்தான் தவறு. உருவிய பிறகு தெரிந்து என்ன பயன்? நமக்கு வேண்டியது, உருவுவதற்கு முன்பு ஒரு அனுமதி.

அனுமதி எதற்கு? கணினி ‘காப்பி ஆகிவிட்டது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் அது ஆகியிருப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள பென் டிரைவின் உள்ளே கொஞ்சம் போகவேண்டும்.

பென் டிரைவில் சுழலும் தட்டோ முள்ளோ கிடையாது. கோடிக்கணக்கான நுண்ணிய சிறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதும் விடுவிப்பதும்தான் எழுத்து. சிறையின் சுவர் சிலிக்கான் ஆக்சைடு, சில நானோமீட்டர் தடிமன். தலைமுடியின் தடிமனை ஆயிரக்கணக்கான கூறுகளாக அறுத்தால் கிடைக்கும் ஒரு கூறு அது. அந்தச் சுவரில் வாசல் கிடையாது. போதுமான மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான் சுவரை உடைக்காமலே மறுபக்கம் தோன்றிவிடுகிறது. குவாண்டம் இயற்பியல் இதைத் துளைத்துச் செல்லல் என்கிறது. ஃபௌலரும் நார்தைமும் 1928-ல் இந்த வித்தையைக் கணக்குப்போட்டு எழுதினார்கள். பெல் ஆய்வகத்தில் 1967-ல் டாவோன் காங், சைமன் சீ இருவரும் அதை நினைவகமாக்கும் வழி சொன்னார்கள். 1980-களில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா அதை ஃபிளாஷ் நினைவகமாக வளர்த்தெடுத்தார். மின்சாரம் போனாலும் எலக்ட்ரான்கள் சிறைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஐம்பது ரூபாய்ச் சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவுக்குள் இப்படியொரு இயற்பியல் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு விலை உண்டு: நேரம். ஃபிளாஷில் ஒரு எழுத்தை மட்டும் அழித்து வேறு எழுத்து எழுத முடியாது. அழிப்பதென்றால் ஒரு பெரிய தொகுதியையே மொத்தமாக அழிக்கவேண்டும். ஒரு பக்கத்தில் பிழை திருத்த, அந்தப் பாகத்தையே வேறிடத்தில் பிரதி எடுத்து, பழையதை வழித்துத் துடைக்கும் வேலை. அதைச் செய்ய உள்ளே ஒரு குட்டிக் கணினியே உட்கார்ந்திருக்கிறது. மலிவான பென் டிரைவ் விநாடிக்கு 5, 10 மெகாபைட் எழுதினாலே பெரிது. கணினியின் உள் நினைவகமோ விநாடிக்கு ஆயிரக்கணக்கான மெகாபைட் விழுங்கும்.

இவ்வளவு வேக வித்தியாசம் இருக்கும்போது கணினி ஒரு தந்திரம் செய்கிறது. நீங்கள் எழுதச் சொன்னதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘முடிந்தது’ என்று உங்களை அனுப்பிவிடுகிறது. பென் டிரைவுக்கு அப்புறம் சாவகாசமாக எழுதிக்கொள்கிறது. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதுமே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைப்பதைப் போன்றது நம் நிலை. லினக்ஸின் பொதுவான விதிப்படி, எழுதப்படாமல் காத்திருக்கும் தகவல் 30 விநாடி வரைகூட நினைவகத்தில் உட்கார்ந்திருக்கலாம். சில டெஸ்க்டாப்புகள் பென் டிரைவுக்கு மட்டும் ‘தாமதிக்காதே, உடனே எழுது’ என்று ஆணையிடுகின்றன. எல்லாமும் அப்படிச் செய்வதில்லை.

மக்கள் சினிமாவைக் காப்பி செய்யும்போதுதான் பயப்படுகிறார்கள். 700 மெகாபைட் படம் என்றால் பச்சைக் கோடு நகரும், அதைப் பார்த்து நாமும் காத்திருப்போம். ஆபத்து சின்னக் கோப்பில்தான் அதிகம். 3 மெகாபைட் புராஜெக்ட் அறிக்கைக்குக் கோடு கண்ணிலேயே படாது. சேமி என்றதும் முடிந்துவிடும். கை தானாக பென் டிரைவுக்குப் போகும். அந்த அறிக்கை அப்போது இன்னும் கணினிக்குள்ளேயே இருக்கலாம்.

பூஜ்ய அளவு எப்படி வந்தது என்பதும் இதில் விளங்கும். பென் டிரைவில் கோப்பு என்பது மூன்று இடங்களில் எழுதப்படும் ஒன்று. உள்ளடக்கம் ஓரிடத்தில். அந்த உள்ளடக்கத்தின் துண்டுகள் எந்த வரிசையில் எங்கெங்கே கிடக்கின்றன என்ற பேரேடு ஓரிடத்தில். பெயர், தேதி, அளவு எழுதிய அட்டவணை இன்னோரிடத்தில். பெயர் எழுதியாகிவிட்டது, அளவு எழுதுவதற்குள் உருவப்பட்டது என்றால் பெயர் மட்டும் நிற்கும். பேரேட்டில் கை வைத்திருக்கும்போது உருவப்பட்டால் அன்றைய கோப்போடு நிற்காது, பல மாதமாகச் சேர்த்து வைத்ததும் சேர்ந்து குழம்பும். ‘ஃபார்மட் பண்ணணுமான்னு கேக்குதுண்ணே’ என்று பிள்ளைகள் வந்து நிற்பது பெரும்பாலும் இந்தக் கதைதான். இந்தப் பேரேட்டு முறைக்குப் பெயர் ஃபேட். அதை வடிவமைத்தவர்களுக்கும் பயம் இருந்திருக்கவேண்டும். பேரேட்டை வழக்கமாக இரண்டு பிரதிகளாக வைத்தார்கள்.

வெளியேற்றும் பொத்தானை அமுக்கும்போது கணினி செய்யும் வேலை இதுதான். பென் டிரைவில் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிரலையும் ‘விடலாமா?’ என்று கேட்கிறது. வேர்டோ வைரஸ் தடுப்பு நிரலோ ‘கொஞ்சம் பொறு’ என்றால் வேலை அங்கேயே நிற்கும். எல்லாரும் சம்மதித்தால் நினைவகத்தில் தேங்கியதையெல்லாம் எழுதி முடித்து, பேரேட்டை மூடி, பிறகு நமக்குச் செய்தி சொல்கிறது. நம் டவுன் பஸ் கண்டக்டர் படிக்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டு விசில் அடிப்பதைப்போல. அவர் பார்த்ததுதான் பாதுகாப்பு. விசில் அதை நமக்குத் தெரிவிக்கும் ஓசை.

அந்த லேப்டாப்பில் விசில் தொலைந்ததற்குக் காரணம் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். லினக்ஸில் செய்தி ஒரு நீண்ட கைமாற்றாக வருகிறது. அடியில் இருக்கும் கெர்னல் கருவியைக் கவனிக்கிறது. அதற்கு மேல் யூடெவ், அதற்கு மேல் டிஸ்க்குகளைக் கவனிக்கும் யூடிஸ்க்ஸ். பிறகு கோப்பு மேலாளர். கடைசியில் திரையின் மூலையில் பெட்டி போட்டுக் காட்டும் அறிவிப்பு நிரல். கெர்னலின் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தோம். பென் டிரைவைச் செருகிய, உருவிய நேரங்கள் விநாடி பிசகாமல் பதிவாகியிருந்தன. கோப்பு மேலாளரும் வெளியேற்றும் வேலையை ஒழுங்காகவே செய்தது. அறிவிப்பு நிரலுக்குக் கட்டளை வரியிலிருந்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பினோம். எதுவும் வரவில்லை. எடை குறைந்த டெஸ்க்டாப்பில் அந்த நிரலே நிறுவப்பட்டிருக்கவில்லை. கோப்பு மேலாளர் இத்தனை நாளும் ‘இனி எடுக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புக்கு உரிய சிறிய அறிவிப்பு நிரலை நிறுவினோம். அடுத்த பென் டிரைவுக்கே செய்தி வந்தது. கடைக்காரர் மூன்று முறை செருகி உருவிப் பார்த்தார்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு, வகை ஒன்று. விண்டோஸ் 7-ல் பென் டிரைவை வெளியேற்றும் அடையாளம் வலது மூலையில் உள்ள சின்ன அம்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும். அதைத் திறந்து எப்போதும் காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம். எக்ஸ்ப்ளோரர் ஒருமுறை மயங்கி எழுந்தால் சில அடையாளங்கள் திரும்பி வராமலே போகும். கணினியை அணைத்துப் போட்டால் வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் மை கம்ப்யூட்டரில் பென் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுக்கலாம். அதற்கு மூலையில் உள்ள அடையாளத்தின் தயவு தேவையில்லை. லைட்டை மட்டும் நம்பவேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியில் வெளியேற்றியதும் பென் டிரைவின் விளக்கு அணைந்துவிடும். விண்டோஸ் 7-ல் வேலை முடிந்த பிறகும் பல நேரம் எரிந்துகொண்டே இருக்கும். மினுங்குவது எழுதுகிறது என்பதற்கு அடையாளம். மினுங்காமல் இருப்பது எழுதி முடித்ததற்கு அத்தாட்சி ஆகாது. எழுதவேண்டியது இன்னும் நினைவகத்தில் காத்திருக்கலாம்.

மைக்ரோசாஃப்ட்டே இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, பென் டிரைவுகளுக்கு ‘விரைந்து எடுத்தல்’ என்பதே இயல்பான அமைப்பு. நினைவகத்தில் தேக்கி வைக்காமல் நேரடியாக எழுதும். வேகம் குறையும், ஆபத்தும் குறையும். அதைக் காட்டி ‘இனி எஜெக்ட் எல்லாம் வேண்டாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. மேலும் கோரிப்பாளையத்தில் ஒரு பென் டிரைவ் ஒரே நாளில் கல்லூரி ஆய்வகம், ஜெராக்ஸ் கடை, பைண்டிங் கடை என்று மூன்று கணினிகளைப் பார்க்கிறது. எதில் என்ன அமைப்பு என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

யூ.எஸ்.பி. 1996 ஜனவரியில் முதல் பதிப்பாக வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் அஜய் பட், பரோடாவில் படித்த இந்தியர். முதல் பென் டிரைவுகள் 2000-ல் கடைக்கு வந்தன. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸும் அந்த ஆண்டில் முந்திக்கொண்டன. அப்போது 8 மெகாபைட் என்றாலே பெருமை. அந்தப் பையனின் அறிக்கையைப் போல இரண்டுதான் அதற்குள் அடங்கியிருக்கும்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-ல். அப்போது கிடைத்தவற்றில் எத்தனையோ இன்று பரணில் கிடக்கின்றன. ஒரு செய்தி வரவில்லை, ஒரு அடையாளம் காணவில்லை என்பதற்காக ஒதுக்கியவையும் அவற்றில் இருக்கும். பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். எங்கே கை விடுபட்டது என்று ஒவ்வொரு படியாகத் தேடினால், பெரும்பாலும் சில்லறைப் பழுதாகத்தான் இருக்கும்.

புராஜெக்ட் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கடைக்குக் கிளம்பும் முன் அறிக்கையை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள். கடையில் திருத்திய பிறகு கோப்பை மூடுங்கள், எஜெக்ட் கொடுங்கள், செய்திக்குக் காத்திருங்கள். செய்தி வராத கணினி என்றால், கோப்பு மேலாளரின் பட்டியலிலிருந்து பென் டிரைவின் பெயர் மறைகிறதா என்று பாருங்கள். அதுவும் மறையாவிட்டால், தயங்காமல் கணினியை அணைக்கச் சொல்லுங்கள். முறையாக அணையும் எந்தக் கணினியும், எவ்வளவு பழையதானாலும், தேக்கி வைத்ததையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான் அணைகிறது.